பிள்ளைகள் கையில் வில்: எப்போது, எங்கே, எப்படி?

சிறு பிள்ளைகளுக்கு வில்வித்தை கற்றுத்தரும் முகாம்கள் சென்னையைச் சுற்றிப் பெருகிவருகின்றன. கோடை விடுமுறை வந்தால் சிலம்பம், கராத்தே, ஸ்கேட்டிங் என்று நீளும் துண்டறிக்கைகளில் வில்லும் அம்பும் இடம்பிடித்துவிடுகின்றன. எந்த வயதில் தொடங்குவது, யார் கற்றுத்தருவது, எந்த இடத்தில் எய்வது என்று கேட்டால் பெற்றோருக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைப் பகுதியில் குறை வேறு விதமானது. அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டே எட்டவில்லை. இரண்டு குறைக்கும் மருந்து ஒன்றுதான்: வில்வித்தை அரசுப் பள்ளிக்குள், ஒழுங்கான பாடமாக, அவசரமில்லாமல் நுழைய வேண்டும்.

கதையில் வந்த வில்

அந்தத் தொழிற்பேட்டைப் பகுதியிலுள்ள கும்மிடிப்பூண்டிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையைத் தாண்டினால் காளத்தி. கண்ணப்ப நாயனாரின் கதை நடந்த தலம். வேடர் தலைவன் நாகன், பின்னாளில் கண்ணப்பரான தன் மகன் திண்ணனுக்கு வில் பிடிக்கும் பருவம் வந்ததும், அந்தத் தொழிலில் தேர்ந்த முதியவர்களை அழைத்து, நாள் பார்த்து, ஊர் கூடி விழா எடுத்த பிறகே கற்பிக்கத் தொடங்கினான் என்று பெரியபுராணம் சொல்கிறது. வேட்டையே வாழ்க்கையாக இருந்த குடியில்கூடப் பருவம் பார்த்தார்கள், ஆசிரியரைப் பார்த்தார்கள். இன்றைய பெற்றோர் கட்டணத்தையும் நேரத்தையும் விசாரிக்கும் அளவுக்கு இந்த இரண்டையும் விசாரிப்பதில்லை.

வீட்டு வில்லுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. 1980களின் இறுதியில் தூர்தர்ஷன் ஞாயிறுதோறும் இராமாயணத்தையும் அதை அடுத்து மகாபாரதத்தையும் ஒளிபரப்பியது. அவற்றைப் பார்த்து மூங்கில் பிளாச்சும் துடைப்பக் குச்சியும் கொண்டு பிள்ளைகள் செய்துகொண்ட வில் அம்புகளால் கண்ணில் காயம்பட்டவர்களைப் பற்றி அக்காலத்தில் இந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். பயிற்சிக் களத்துக்கும் தெரு விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதில் விளங்கும். தெருவில் இராமனும் இராவணனும் எதிரெதிரே நிற்கிறார்கள். களத்தில் எல்லோரும் ஒரே கோட்டில், ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். அம்பு பறக்கும்போது எதிரில் மனிதர் யாரும் இல்லை. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால் ஆபத்தின் பெரும்பகுதி விலகிவிடும்.

சாதனை என்னும் அவசரம்

2015-ல் விஜயவாடாவில் மூன்று வயது நிரம்பாத சிறுமி ஒருத்தி ஐந்து மீட்டர், ஏழு மீட்டர் தூரங்களிலிருந்து 36 அம்புகளை எய்து தேசிய சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றாள். 2020 சுதந்திர தினத்தன்று சென்னையில் ஐந்து வயதுச் சிறுமி தலைகீழாகத் தொங்கியபடி 13 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 111 அம்புகளை எய்தாள். இரண்டு செய்தியும் நாடெங்கும் பேசப்பட்டன. அந்தப் பிள்ளைகளின் திறமையைக் குறைத்துச் சொல்ல எதுவுமில்லை. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிட்டதே என்று பதறும் பெற்றோரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

பதறத் தேவையில்லை என்பதற்கு இந்திய வில்வித்தையே சாட்சி. ராஞ்சியை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி 1994-ல் பிறந்தவர். கர்சாவானில் உள்ள அர்ஜுன் வில்வித்தைப் பயிற்சி மையத்தில் சேர்ந்தது 2005-ல். ஐந்தே ஆண்டுகளில், 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில், தங்கம் வென்றார். விஜயவாடாவின் ஜோதி சுரேகா வெண்ணம் சிறுவயதில் நீச்சல் வீராங்கனை. பத்து வயதுக்குப் பிறகுதான் வில்லுக்கு வந்தார். 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் அவருக்கு. அதே ஆண்டு பெர்லினில் 17 வயதில் உலகச் சாம்பியனான அதிதி சுவாமி, மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். கரும்பு வயலை ஒட்டிய எளிய மைதானத்தில் பயின்றவர். மிகச் சிறுவயதில் தொடங்கி மேலே வந்தவர்களும் இல்லாமல் இல்லை. ஆனால், பத்து வயதில் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது என்று எந்தப் பயிற்சியாளராவது சொன்னால், அவர் தன் முகாமுக்கு ஆள் சேர்க்கிறார் என்றே பொருள்.

உலக வில்வித்தையில் முதலிடம் தென்கொரியாவுக்கு. மகளிர் அணிப் பிரிவில் 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் தங்கம் அவர்களுக்கே. அங்கே தொடக்கப் பள்ளியின் நடு வகுப்புகளில்தான் பெரும்பாலான பிள்ளைகள் வில்லைத் தொடுகிறார்கள். தொட்டவுடன் இலக்கைக் காட்டுவதில்லை. நிற்பது, இழுப்பது, மூச்சை அடக்குவது என்று பல வாரங்கள் போகும்.

வயதும் எடையும்

வில்லின் பலத்தைப் பவுண்டு கணக்கில் சொல்வது வழக்கம். நாணை முழுதாக இழுத்துப் பிடிக்கும்போது விரல்கள் தாங்கும் எடை அது. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்கு எய்யும் ஆண்களின் வில் 45 முதல் 50 பவுண்டு வரை இருக்கும், அதாவது இருபது கிலோவுக்கு மேல். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 10 முதல் 12 பவுண்டு போதும். ஏறத்தாழ ஐந்து கிலோ. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. தோளும் முழங்கையும் தாங்காத எடையைத் திரும்பத் திரும்ப இழுத்தால் முதலில் பாதிக்கப்படுவது அவைதான்.

வில் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். நாணை இழுத்துத் தாடையில் பதித்து, ஐந்து எண்ணும்வரை நடுங்காமல் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். முடியாத பிள்ளை இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னே வளைத்து, வில்லை வானத்தை நோக்கித் தூக்கி இழுக்கும். பார்க்க வீரமாகத்தான் இருக்கும். அப்படி இழுக்கும் பிள்ளையின் வில்லை அன்றே மாற்ற வேண்டும்.

பொதுவாக எட்டு வயதுக்குக் கீழே உண்மையான அம்பு தேவையில்லை. காரணம் உடம்பைவிட மனசில் இருக்கிறது. ‘நிறுத்து’ என்றால் அந்தக் கணமே நிறுத்தும் பழக்கம் பிள்ளைக்கு வந்திருக்க வேண்டும். நாணை இழுத்த நிலையில் நண்பன் கூப்பிட்டால் வில்லோடு திரும்பிப் பார்ப்பது சிறு பிள்ளையின் இயல்பு. அதைத் திட்டித் திருத்த முடியாது, வயதுதான் திருத்தும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ரப்பர் பட்டை இழுப்பது, பந்தை இலக்கில் எறிவது, ஒற்றைக் காலில் நிற்பது, உறிஞ்சு முனை அம்புகளைச் சுவரில் ஒட்டவைப்பது எல்லாம் நல்ல முன்பயிற்சிகள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2002-ல் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய பள்ளி வில்வித்தைத் திட்டம்கூட நான்காம் வகுப்பிலிருந்துதான் பிள்ளைகளைச் சேர்க்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வகை வில் என்பது அந்தத் திட்டத்தில் பாராட்டத்தக்க இன்னொரு விஷயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் வில்லைப் பார்த்து ஏங்க அங்கே இடமில்லை.

விசிலின் மொழி

2020 ஜனவரியில் அசாமின் திப்ருகர் மாவட்டம் சபுவாவில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் 12 வயது வீராங்கனையின் தோள்பட்டையில் பாய்ந்த அம்பு கழுத்து வரை சென்று தைத்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுசென்று அறுவை சிகிச்சையில் அதை அகற்றினார்கள். சிறுமி பிழைத்தார். அரசு மையத்திலேயே நேர்ந்தது என்பதால் இந்த விளையாட்டே வேண்டாம் என்று முடிவுகட்டுவது அறிவுடைமையாகாது. விதி ஒரு நிமிடம் தளர்ந்தாலும் என்ன ஆகும் என்பதை அந்த விபத்து காட்டுகிறது.

விதிகள் எளியவை. எய்யும் கோடு ஒன்று. அதற்கு ஐந்து மீட்டர் பின்னால் காத்திருக்கும் கோடு ஒன்று. இரண்டு விசில் ஊதினால் கோட்டில் வந்து நிற்க வேண்டும். ஒரு விசில் கேட்டால் எய்யலாம். மூன்று விசில் கேட்ட பிறகே அம்பெடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து கேட்டால் ஆபத்து என்று பொருள். நாணை மெதுவாகத் தளர்த்தி, அம்பைக் கழற்றிவிட்டுப் பின்னே வர வேண்டும். உலகம் முழுக்க ஏறத்தாழ இதே மொழிதான். பிள்ளைகளுக்கு இது பிடித்தும் போகிறது; விசிலின் எண்ணிக்கையைக் கேட்டு நடப்பதே அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

அம்பை இலக்கிலிருந்து பிடுங்குவதில்தான் கவனம் தப்பும். ஒரு கையால் அம்புக்குப் பக்கத்தில் இலக்கை அழுத்திக்கொண்டு, மறு கையால் அம்பை அது பதிந்த இடத்துக்கு அருகில் பிடித்து நேராக இழுக்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சட்டென்று வெளியே வரும் அம்பின் பின்முனை நிற்பவரின் கண் மட்டத்துக்கு வரும். எடுத்த அம்புகளை முனை கீழே பார்க்கப் பிடித்து நடந்துதான் திரும்ப வேண்டும், ஓடக் கூடாது. இலக்கை நோக்கி ஓடுவதும் தவறு. தடுக்கி விழும் பிள்ளைக்கு எதிரே இருப்பது அம்புகளின் வால்கள்.

அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடுவது பிள்ளைகள் எல்லோருக்கும் வரும் ஆசை. அதனால் வில் விரிசல் விடும், சில சமயம் உடைந்து தெறிக்கும். முதல் நாளே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது. கூந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும், துப்பட்டாவையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவைக்க வேண்டும். முன்கைக்குத் தோல் காப்பு, விரலுக்கு உறை, நெஞ்சுக்குப் பட்டை மூன்றும் கட்டாயம். காப்பில்லாத முன்கையில் நாண் ஒரு முறை அடித்துச் சிவந்துவிட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் வராது.

எந்தக் கண் வலுவானது என்பதையும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கச் சொல்லலாம். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது தாழ்ப்பாள் தெரிகிறதோ அதுதான் குறிபார்க்கும் கண். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடக்கண் வலுவாக இருப்பது அரிதல்ல. இதைக் கவனிக்காத பயிற்சியில் பிள்ளை மாதக்கணக்கில் குறி தவறி, தனக்கு இது வராது என்று ஒதுங்கிவிடும்.

முதல் மாதத்தில் இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டமே வேண்டாம். மூன்று, நான்கு மீட்டர் தூரத்தில் வெறும் வைக்கோல் கட்டை நிறுத்தி, எங்கே பட்டாலும் சரி என்று எய்யச் சொல்ல வேண்டும். வட்டத்தைக் கண்டதும் பிள்ளை வட்டத்தைத்தான் பார்க்கும். தன் தோளும் முழங்கையும் என்ன செய்கின்றன என்பதை மறந்துவிடும். பெற்றோருக்கு இந்த மாதம் சலிப்பாக இருக்கும். ‘கொடுத்த பணத்துக்கு எத்தனை பாயிண்ட் எடுத்தான்?’ என்ற கேள்வி வரும். நல்ல பயிற்சியாளர் இந்தக் கேள்விக்கு மசிய மாட்டார்.

தொழிற்பேட்டையில் வில் முளைக்குமா?

வில்வித்தை காட்டிலும் மலையிலும் வளர்ந்த கலை, கரியும் புகையும் சூழ்ந்த தொழிற்பேட்டைக்கு அது ஒத்துவராது என்று தோன்றலாம். ஜாம்ஷெட்பூர் அதைப் பொய்யாக்கியிருக்கிறது. உருக்காலையைச் சுற்றி எழுந்த அந்த நகரில் டாடா வில்வித்தைப் பயிற்சி மையம் 1996-ல் தொடங்கியது. ஜெயந்த தாலுக்தார், தீபிகா குமாரி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தீரஜ் பொம்மதேவராவுடன் கலப்பு அணியில் நான்காம் இடம் வரை வந்த அங்கிதா பகத் எல்லோரும் அங்கே பயின்றவர்கள். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு இதுவரை வில்வித்தைப் பதக்கம் கிடைத்ததில்லை. கிடைக்கும் தூரம் வரை போனவர்களை வளர்த்ததில் ஓர் ஆலை நகரத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியும் உருக்காலை ஊர்தான். சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி உருட்டும் ஆலைகள்; தேர்வாய்க் கண்டிகை சிப்காட்டில் டயர் ஆலை; மாவட்டத் தலைநகரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை. இந்த ஆலைகளின் உலைகளிலும் கிடங்குகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கிறார்கள். வில் வீட்டுப் பொருளாக இருக்கும் சந்தால், முண்டா, ஹோ பழங்குடிக் கிராமங்கள் நிறைந்த மாநிலம் ஜார்க்கண்ட். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தைத் தாண்டி வடக்கே போகும் அதே தண்டவாளம்தான் ஜோதி சுரேகாவையும் தீரஜையும் தந்த விஜயவாடாவுக்குப் போகிறது.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பழங்குடி என்றாலே வில் என்று எண்ணிக்கொண்டு இருளர் குடியிருப்பிலோ செங்கல் சூளையிலோ போய் வீரர் தேடுவது பழைய தவறு. ராஜஸ்தானின் லிம்பா ராம் 1987-ல் அப்படியொரு தேர்வில் கண்டெடுக்கப்பட்டவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பங்கேற்றார். அவருடைய திறமை உண்மை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஊட்டச்சத்தும் படிப்பும் கருவியும் எவ்வளவு கிடைத்தன என்பது வேறு கதை. திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பிள்ளைகளுக்கும் சூளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் முதல் தேவை வருகைப் பதிவேட்டில் நிலையான பெயர். வில் அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான் வர வேண்டும். பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வில் உண்டு என்றாகிவிட்டால், சூளை மாறும்போதெல்லாம் படிப்பு அறுபடுவது ஓரளவு குறையவும் கூடும்.

கும்மிடிப்பூண்டியில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. உள்ளூர் அரசுப் பள்ளியில் தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே கோட்டில் நிற்கக்கூடிய விளையாட்டு இது. விசிலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

வெயிலும் இடமும்

மாவட்டத்தின் மேற்கு முனையிலுள்ள திருத்தணி ஆண்டுதோறும் மாநிலத்தின் மிகச் சூடான ஊர்களின் பட்டியலில் வருகிறது. மே மாதக் கோடை முகாம் என்பது இந்த மாவட்டத்துக்கு ஒவ்வாத ஏற்பாடு. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், மழை ஓய்ந்த பிறகு ஜனவரி முதல் மார்ச் வரையிலும் காலை ஏழு முதல் எட்டரை வரை பயிற்சி நடத்தினால் போதும். ஆலைப் புகையும் லாரிப் புழுதியும் அடர்ந்த இடங்களில், இருமல் உள்ள பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இடம் பெரிய சிக்கலில்லை. தொடக்கப் பயிற்சிக்கு 25 மீட்டர் நீளம் போதும். ஆனால், சிறுவர் வில்லிலிருந்து தவறிப் புறப்பட்ட அம்பும் ஐம்பது மீட்டர் தாண்டிப் பறக்கும் என்பதால், இலக்குக்குப் பின்னே மண் கரையோ உயரமான சுவரோ அம்பு தடுக்கும் வலையோ இருந்தே ஆக வேண்டும். பின்புறச் சுவர் இல்லாத, ஊர் நடமாட்டமுள்ள பள்ளி மைதானத்தில் வில்வித்தை கூடாது. அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு ஆலைகளின் பயன்படாத கிடங்குகளைக் காலை நேரத்தில் கேட்டுப் பெறலாம். வெயிலுக்கும் அதுவே தீர்வு.

செலவு எவ்வளவு?

சர்வதேசப் போட்டிக்கு உரிய வெளிநாட்டு வில்லும் அதன் துணைப் பாகங்களும் சேர்ந்து லட்சங்களில் முடியும். இதைக் கேட்டே நடுத்தரக் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. ஆனால், ‘இந்தியன் ரவுண்ட்’ என்று தேசியப் போட்டிகளிலேயே தனிப்பிரிவு இருக்கிறது. குறிபார்க்கும் கருவி எதுவும் பொருத்தாத மூங்கில் வில்லால் எய்யும் பிரிவு அது. அந்த வில்லுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். பத்து வில்லை முப்பது பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

இலக்குக்கு வெளிநாட்டுப் பலகை வேண்டியதில்லை. பொன்னேரி, மீஞ்சூர் வயல்களில் அறுவடைக்குப் பிறகு கிடைக்கும் வைக்கோலைப் புரியாகத் திரித்து வட்டமாக இறுக்கிக் கட்டினால் 12 பவுண்டு வில்லின் அம்பை அது நன்றாகத் தாங்கும். கந்தல் துணி திணித்த சாக்கும் உதவும். செலவில் கைவைக்கக் கூடாதவை காப்புப் பட்டைகளும் பின்புற வலையும்தான்.

வேலைக் கனவும் இதில் கலந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டிகளின் சான்றிதழ்தான் செல்லும். தனியார் சாதனைப் புத்தகங்களின் பதக்கம் செல்லாது. இந்திய வில்வித்தைச் சங்கமே 2012-ல் மத்திய அரசின் அங்கீகாரத்தை இழந்து, உட்பூசலால் 2019-ல் உலக வில்வித்தைக் கூட்டமைப்பால் இடைநிறுத்தப்பட்டு, 2020-ல்தான் மீண்டும் அங்கீகாரம் பெற்றது. ஆகவே, பிள்ளையைச் சேர்க்கும் முன் அந்தப் பயிற்சி மையம் எந்தச் சங்கத்தோடு இணைந்தது, அந்தச் சங்கத்துக்கு இன்று அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை. தமிழ்நாட்டில் வில்வித்தையைப் பரப்ப உழைத்தவரும் 2025 மார்ச்சில் மறைந்தவருமான ஷிஹான் ஹுசைனி போன்ற தனிமனிதர்களின் ஆர்வத்தால் இங்கே இந்த விளையாட்டு வேரூன்றியது. அடுத்த கட்டம் அமைப்புகளின் பொறுப்பு.

எல்லோருக்குமான கோடு

ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வாரைச் சேர்ந்த ஷீத்தல் தேவி கைகளின்றிப் பிறந்தவர். வலது காலால் வில்லைத் தாங்கி, தோளாலும் தாடையாலும் நாணை இழுத்து எய்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு கலப்பு அணியில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17. அதே பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங் வில்வித்தையில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் கைகூடாதது பாராலிம்பிக்கில் கைகூடியிருக்கிறது. மாற்றுத்திறனுடைய பிள்ளையும் மற்ற பிள்ளைகளும் அருகருகே நின்று ஒரே விதியில் ஆடக்கூடிய விளையாட்டுகள் மிகச் சில. பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை ஸ்கோர் எழுத உட்காரவைக்கும் வழக்கத்தை இங்கே கைவிடலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் பி.டி. வகுப்பை மீட்க வேண்டும். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்க வேண்டாம் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது மேடையிலேயே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்த வகுப்பு இல்லாமல் வில் வந்தாலும் அது தலைமை ஆசிரியர் அறை அலமாரியில்தான் இருக்கும்.

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் சேர்ந்து, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், திருத்தணி வட்டாரங்களில் பின்சுவருள்ள சில அரசுப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து முன்னோட்டம் தொடங்கலாம். நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, வாரம் இரண்டு நாள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முதலில் பாதுகாப்புப் பயிற்சி, பிறகே வில். ஒரு பெரியவருக்கு எட்டுப் பிள்ளைக்கு மேல் கோட்டில் நிற்கக் கூடாது. முதல் ஆண்டு போட்டி எதுவும் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் பள்ளிகளுக்கிடையே ஆடலாம், அதற்கப்பால் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவு இருக்கவே இருக்கிறது.

பணத்துக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்குமான பயிற்சி அந்தப் பட்டியலில் வருகிறது. ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. சிப்காட் நிறுவனங்களை மாவட்ட ஆட்சியர் ஒரே மேசைக்கு அழைத்தால் போதும். ஒரு பள்ளிக்கான வில், காப்பு, வலையின் செலவு பெரிய ஆலைக்குச் சிறு தொகை. அந்த ஆலைகளின் ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் வில் செய்யவும் நாண் முறுக்கவும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். விடுமுறை நாளில் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து உரிய ஊதியம் கொடுத்துக் கற்பிக்கச் சொல்வது இரு தரப்புக்கும் மரியாதை.

தனியார் மையங்களுக்கு மாவட்ட அளவில் பதிவு கட்டாயமாக வேண்டும். பயிற்சியாளரின் தகுதிச் சான்று, முதலுதவிப் பெட்டி, அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர், பிள்ளைகளுக்கான விபத்துக் காப்பீடு ஆகியவை வாசலில் எழுதிவைக்கப்பட வேண்டும். தோளையும் முழங்கையையும் தாடையையும் தொட்டுத் திருத்தும் பயிற்சி இது என்பதால், தொடும் முன் பிள்ளையிடம் சொல்வது, மற்றவர் பார்க்கும் இடத்தில் மட்டும் திருத்துவது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பது ஆகியவை விதியாக வேண்டும். கூடுமானவரை குச்சியின் நுனியால் சுட்டிக்காட்டித் திருத்தலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பயிற்சி மையங்களுக்கும் பொருந்தும் என்பதைப் பெற்றோரும் பயிற்சியாளரும் ஒருசேர அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பணம் கட்டும் முன் ஒரு நாள் காலை அந்த மைதானத்துக்குப் போய் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். மூன்றாவது விசில் கேட்கும் முன் ஒரு பிள்ளையாவது இலக்கை நோக்கி நடந்தால், அதைப் பயிற்சியாளர் தடுக்காமல் விட்டால், பிள்ளையை அங்கே சேர்க்க வேண்டாம்.